முந்நூறு அடி ஏற்றம், நானூறு அடி இறக்கம்: ஸ்டீவ் ஃபாசெட் விமானம் ஏன் விழுந்தது, ஏன் ஓராண்டு கிடைக்கவில்லை

மலைக்காட்டில் சிறு விமானம் விழுந்து ஆள் இறந்தார் என்று செய்தி வந்தால் இரண்டு கேள்விகள் கூடவே வரும். நன்றாக ஓட்டத் தெரிந்தவர் எப்படி மலையில் போய் மோதினார்? வானத்தில் இத்தனை செயற்கைக்கோள்கள் இருந்தும் விழுந்த இடம் ஏன் தெரியவில்லை? விடை கிடைக்காத இடத்தில் வதந்தி முளைத்துவிடும். ஆள் சாகவில்லை, வேண்டுமென்றே தலைமறைவாகிவிட்டார் என்றுகூட எழுதுவார்கள்.

அமெரிக்க சாகச வீரர் ஸ்டீவ் ஃபாசெட்டின் விபத்தில் இந்த இரண்டு கேள்விகளும், அந்த வதந்தியும் சேர்ந்தே வந்தன. விசாரணை முடிந்து அறிக்கையும் வந்துவிட்டதால், மலையில் சிறு விமானங்கள் ஏன் விழுகின்றன என்பதை அந்த ஒரு விபத்தை வைத்தே அடிப்படையிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

நடந்தது என்ன

ஃபாசெட் சாதாரண விமானி அல்ல. 2002ல் பலூனில் தனி ஆளாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவர். 2005ல் எங்கும் இறங்காமல், நடுவில் எரிபொருள் நிரப்பாமல், 67 மணி நேரத்தில் தனியாக விமானத்தில் உலகைச் சுற்றினார்.

1. 2007 செப்டம்பர் 3 காலை, நெவாடா மாநிலத்தில் யெரிங்டன் அருகே உள்ள ஒரு பண்ணையின் ஓடுதளத்திலிருந்து கிளம்பினார். விமானம் பெல்லாங்கா சூப்பர் டெக்கத்லான். இரண்டே இருக்கை, ஒற்றை எஞ்சின், 180 குதிரைத்திறன். எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய உடல். உல்லாசமாக ஒரு சுற்று சுற்றி வரும் பயணம்தான். எந்தப் பக்கம் போகிறேன் என்று பறப்புத் திட்டம் எதுவும் பதிவு செய்யவில்லை.

2. மதியம் ஆகியும் திரும்பவில்லை. அமெரிக்க வரலாற்றில் ஒரு சிறு விமானத்துக்காக நடந்த மிகப் பெரிய தேடல்களில் ஒன்று தொடங்கியது. சுமார் 20,000 சதுர மைல் பரப்பைத் தேடினார்கள். ஏறக்குறைய ஒரு மாதத்துக்குப் பிறகு தேடலை நிறுத்தினார்கள். 2008 பிப்ரவரியில் சிகாகோ நீதிமன்றம் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தது.

3. 2008 செப்டம்பர் கடைசியில், கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் மேமத் லேக்ஸ் ஊருக்கு மேற்கே மலை நடைக்குப் போன ஒருவர், தரையில் கசங்கிக் கிடந்த சில அட்டைகளையும் கொஞ்சம் டாலர் நோட்டுகளையும் பார்த்தார். அட்டைகளில் ஒன்று விமானத் துறை வழங்கியது. அதில் ஃபாசெட்டின் பெயர் இருந்தது. கிளம்பிய பண்ணையிலிருந்து அந்த இடம் தெற்கே சுமார் 65 மைல், அதாவது 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

4. அக்டோபர் 1 அன்று, ஏறக்குறைய 10,000 அடி உயரத்தில், ஒரு முகட்டுக்குச் சில நூறு அடி கீழே இடிபாடு கிடைத்தது. விமான உடல் சிதறிப்போயிருந்தது. எஞ்சின் தனியே பல நூறு அடி தள்ளிக் கிடந்தது. அந்த மாதக் கடைசியில் பக்கத்திலேயே எலும்புகள் கிடைத்தன. டி.என்.ஏ. சோதனையில் அவை அவருடையவை என்று உறுதியானது. தலைமறைவுக் கதை அதோடு முடிந்தது.

5. 2009 ஜூலையில் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரணத்தை அறிவித்தது. விமானத்தால் மேலேற முடிந்த வேகத்தைவிட அதிக வேகத்தில் கீழே இழுத்த காற்றில், எதிர்பாராமல் சிக்கிக்கொண்டார். அந்த இறங்கு காற்றும், அதிக அடர்த்தி உயரமும், மலை நிலமும் துணைக் காரணங்கள். இயந்திரக் கோளாறு எதுவும் தென்படவில்லை.

பத்திரிகைகளில் இது ஒரே வரியில் வந்துபோயிற்று. ஆனால் விளக்கம் வேண்டிய விஷயங்கள் எல்லாம் அந்த வரிக்குள்தான் இருக்கின்றன.

அடர்த்தி உயரம் என்றால்

உயரமானியில் தெரிவது ஒரு உயரம். விமானம் உணர்வது வேறு உயரம். இரண்டாவதற்குத்தான் அடர்த்தி உயரம் என்று பெயர்.

விமானத்துக்கு வேண்டியது காற்றின் கனம். இறக்கைக்குத் தூக்கு விசை அதிலிருந்து வருகிறது. ப்ரொப்பெல்லர் பின்னால் தள்ளுவதும் அதே காற்றைத்தான். எஞ்சின் உள்ளே இழுத்து எரிப்பதும் அதையே. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது என்பது நமக்குத் தெரியும். சூடானாலும் அது மெலியும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கணக்குக்காக ஒரு பொது அளவு வைத்திருக்கிறார்கள். கடல் மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ், ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறக்குறைய 2 டிகிரி குறையும். அப்படியானால் 10,000 அடியில் மைனஸ் 5 டிகிரி இருக்க வேண்டும். அதைவிட ஒவ்வொரு டிகிரி சூடு கூடும்போதும் அடர்த்தி உயரம் ஏறத்தாழ 120 அடி கூடும்.

ஃபாசெட் விழுந்த இடத்தில், 10,000 அடியில், அன்றைய அடர்த்தி உயரம் சுமார் 12,700 அடி என்று விசாரணையில் கணக்கிட்டார்கள். மேலே சொன்ன விதியை வைத்துப் பின்னோக்கிப் பார்த்தால் வெப்பம் 17, 18 டிகிரி வரும். நடந்து போகிறவருக்கு இதமான குளிர். ஆனால் அந்த உயரத்தில் விமானத்துக்கு அது கொதிக்கும் வெயில். மலை 10,000 அடியில் நிற்க, விமானம் மட்டும் 12,700 அடியில் பறப்பதுபோல் திணறும்.

இதில் மூன்று இழப்புகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

1. காற்றை அழுத்தித் தரும் டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் 3 சதவீத அளவுக்குச் சக்தி இழக்கும். 12,700 அடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். 180 குதிரைத்திறன் எஞ்சின் ஏறத்தாழ 115க்கு வந்துவிடும்.

2. மிச்சமிருக்கும் சக்தியையும் ப்ரொப்பெல்லரால் முழுதாகப் பயன்படுத்த முடியாது. பிடித்துத் தள்ளக் காற்று போதாது.

3. அதே தூக்கு விசை வேண்டுமென்றால் இறக்கை வேகமாக ஓட வேண்டும். வேகமானி 100 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்) காட்டினாலும் உண்மை வேகம் 120 நாட்டுக்கு மேல் இருக்கும்.

மேலேறும் திறன் என்பது தனியாக ஒரு சரக்கு அல்ல. மட்டமாகப் பறக்கத் தேவையான சக்தி போக மீதி என்ன இருக்கிறதோ, அதுதான் ஏற்றம். சம்பளம் குறைந்து விலைவாசி ஏறினால் சேமிப்பு எப்படிக் கரையுமோ அப்படித்தான் இதுவும். சூப்பர் டெக்கத்லான் தரைமட்டத்தில் நிமிடத்துக்கு 1,000 அடிக்கு மேல் ஏறக்கூடியது. 13,000 அடி அடர்த்தி உயரத்தில் அதற்கு மிஞ்சியது நிமிடத்துக்கு 300 அடி மட்டுமே.

மலைக்குப் பின்னால் காற்று என்ன செய்கிறது

ஆற்றில் மூழ்கிக் கிடக்கும் பாறையைப் பாருங்கள். நீர் பாறைமேல் வழுக்கி ஏறும், தாண்டியதும் சட்டென்று குழிந்து இறங்கும், அப்புறம் அலை அலையாக எழுந்து விழும். பாறைக்கு முன்புறம் அமைதி, பின்புறம் கொந்தளிப்பு.

மலைத்தொடரைத் தாண்டும் காற்றும் இதையேதான் செய்கிறது. காற்று வந்து முட்டும் பக்கம் மேலேறும். முகடு தாண்டிய மறுபக்கம் சரிந்து இறங்கும். இதைத்தான் இறங்கு காற்று என்கிறோம். வளிமண்டலம் அடுக்காக நிலைத்து நிற்கும் நாட்களில், மறுபக்கத்தில் பல மைல் தூரத்துக்கு அலைகள் எழும். மலை அலை என்று அதற்குப் பெயர். ஈரம் இருந்தால் அலையின் தலையில் வில்லை வடிவ மேகம் நிற்கும், விமானிக்கு எச்சரிக்கை கிடைக்கும். காற்று வறண்டிருந்தால் மேகமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. நீல வானம்தான்.

சியரா நெவாடா இதற்குப் பேர்போன இடம். வடக்கு தெற்காக நீண்டு, மேற்கிலிருந்து வரும் காற்றுக்குக் குறுக்கே சுவர்போல் நிற்கிறது. 1950களின் தொடக்கத்தில் மலை அலையை ஆராய்ந்த விஞ்ஞானிகள் கிளைடர்களோடு வந்து தங்கியது இந்தத் தொடரின் கிழக்கு அடிவாரத்தில்தான்.

ஃபாசெட்டுக்கு இது தெரியாதா? தெரியும். உலகில் மிகச் சிலருக்குத் தெரிந்த அளவுக்குத் தெரியும். விபத்துக்கு ஓராண்டு முன், 2006 ஆகஸ்டில், அர்ஜென்டினாவின் ஆண்டீஸ் மலைக்கு மேல் எஞ்சினே இல்லாத கிளைடரில் 50,722 அடி உயரம் ஏறி உலக சாதனை படைத்தார்கள் அவரும் ஐனார் எனெவோல்ட்சனும். அவர்களைத் தூக்கிக்கொண்டு போனது மலை அலையின் ஏறு பக்கம். அதே காற்றுக்கு இறங்கு பக்கமும் உண்டு. அனுபவம் இருந்தும் எப்படி என்று கேட்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அனுபவம் காற்றைப் பற்றிய அறிவைக் கூட்டும். எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறன்கூடச் சேர்க்காது.

கழித்தல் கணக்கு

விபத்து நேரத்தில் அந்தப் பகுதியில் நிமிடத்துக்குச் சுமார் 400 அடி வேகத்தில் காற்று இறங்கியிருக்கலாம் என்று விசாரணையில் மதிப்பிட்டார்கள். இறங்கு காற்றிலேயே இது பெரிய அளவு அல்ல. பயணிகள் ஜெட்டில் உட்கார்ந்திருந்தால் லேசான குலுக்கல் என்று நினைத்துவிடுவோம்.

விமானத்திடம் இருந்தது 300 அடி. காற்று இழுத்தது 400 அடி. எஞ்சின் சக்தியைக் கூட்டும் கைப்பிடியை முழுக்கத் தள்ளி, மூக்கை உயர்த்தி, எஞ்சின் உச்சத்தில் உறுமிக்கொண்டிருந்தாலும் விமானம் நிமிடத்துக்கு 100 அடி கீழேதான் போகும். எதிரே முகடு 300 அடி மேலே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அசையாத காற்றில் ஒரே நிமிடத்தில் அதன் உயரத்தை எட்டிவிடலாம். இந்தக் காற்றில் எத்தனை நிமிடம் ஆனாலும் எட்ட முடியாது. அதற்குள் விமானம் நிமிடத்துக்கு ஒன்றரை மைலுக்கு மேல் முன்னே ஓடிக்கொண்டும் இருக்கிறது.

இங்கே இயல்பாக வரும் ஒரு தவறும் உண்டு. விமானம் இறங்குகிறது என்று தெரிந்ததும் கை தானாகவே மூக்கை இன்னும் உயர்த்தும். வேகம் குறையும், ஏற்றம் கூடாது, கடைசியில் இறக்கை தூக்குவதையே விட்டுவிடும். மலைச் சரிவு மெல்ல உயர்ந்துகொண்டே போனால் கண்ணும் ஏமாற்றும். சரிவையே மட்டம் என்று எடுத்துக்கொண்டு, தான் ஏறுகிறேன் என்ற எண்ணமே இல்லாமல் விமானி மூக்கை உயர்த்திக்கொண்டே போவார். ஃபாசெட் அப்படிச் செய்தார் என்று அறிக்கை சொல்லவில்லை. சிறு விமானத்தில் கறுப்புப் பெட்டி கிடையாது, கடைசி நிமிடம் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் மலை விபத்துகளில் இது திரும்பத் திரும்ப வரும் கதை.

திரும்ப இடம் வேண்டும்

மேலேற முடியாவிட்டால் திரும்பிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். சரி, திரும்ப எவ்வளவு அகலம் வேண்டும்?

திரும்பும் வட்டம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெரிதாகும். இறக்கையை 30 டிகிரி சாய்த்துத் திரும்பும்போது, உண்மை வேகம் 100 நாட்டாக இருந்தால் வட்டத்தின் குறுக்களவு ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதே விமானம், வேகமானியில் அதே 100 நாட்டோடு, 12,700 அடி அடர்த்தி உயரத்தில் திரும்பினால் குறுக்களவு கிட்டத்தட்ட 1.4 கிலோமீட்டர். காலையில் சமவெளியில் தாராளமாகத் திரும்பிய விமானி, மதியம் பள்ளத்தாக்கில் அதே பழக்கத்தில் திரும்பினால் எதிர்ச்சுவர் அரைக் கிலோமீட்டர் முன்னதாகவே வந்துவிடும். சாய்வைக் கூட்டினால் வட்டம் சுருங்கும். ஆனால் அப்போது உயரம் இன்னும் வேகமாகக் கரையும், இறக்கை தூக்குவதை விட்டுவிடும் அபாயமும் நெருங்கும்.

மலைப் பறப்புப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கும் விதிகள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவைதான்:

1. முகட்டுக்குக் குறைந்தது 1,000 அடி மேலே இருந்தால்தான் தாண்டு. காற்று பலமாக இருந்தால் 2,000 அடி.

2. முகட்டை நேருக்கு நேர் அணுகாதே, 45 டிகிரிக் கோணத்தில் பக்கவாட்டாக வா. காற்று இழுத்தால் கால்வட்டம்கூடத் திரும்பாமலே விலகிவிடலாம்.

3. பள்ளத்தாக்கின் நடுவே பறக்காதே. ஓரமாகப் பற. அப்போதுதான் திரும்ப முழு அகலமும் கைவசம் இருக்கும்.

4. இறங்கு காற்றில் சிக்கினால் அதோடு மல்லுக்கட்டாதே. வேகத்தை விடாமல் தாழ்ந்த நிலம் இருக்கும் பக்கம் திரும்பு.

5. வெயில் ஏறுவதற்குள் பறந்து முடி.

ஓராண்டு ஏன் கிடைக்கவில்லை

முதல் காரணம் வடிவியல். எங்கே போகிறார் என்று தெரியாவிட்டால் தேடும் இடம் ஒரு வட்டம். மணிக்கு 100 மைல் என்று குறைத்து வைத்தாலும், ஒரு மணி நேரத்தில் அந்த வட்டம் 31,000 சதுர மைலைத் தாண்டும். இரண்டு மணி நேரம் பறந்திருக்கலாம் என்றால் நான்கு மடங்கு. பறப்புத் திட்டம் என்பது ஒரு போன் கால் வேலை. பாதையைச் சொல்லிவிட்டால் வட்டம் ஒரு கோடாகச் சுருங்கிவிடும். வந்து சேர வேண்டிய நேரம் தாண்டி அரை மணி ஆனதுமே தேட ஆரம்பித்துவிடுவார்கள். தெளிந்த வானிலையில் பறக்கும் தனியார் விமானத்துக்கு அமெரிக்காவில் இது கட்டாயம் இல்லை. ஃபாசெட் விதி எதையும் மீறவில்லை.

இரண்டாவது காரணம், தேடியவர்கள் தேடியது விமானத்தை. மேலே கிடந்ததோ பாறைச் சரிவில் மரங்களுக்கு நடுவே சிதறிய துணி, குழாய், தகரம். இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் செயற்கைக்கோள் படங்களைச் சதுரம் சதுரமாகப் பார்த்தார்கள். இறக்கையும் வாலுமாக முழு விமானத்தைத் தேடிய கண்ணுக்கு இது படாது. இத்தனைக்கும், அந்தத் தேடலில் அதுவரை யாரும் அறியாத பழைய விமான இடிபாடுகள்கூட அகப்பட்டன. நெவாடா, சியரா பகுதி எத்தனை பேரை விழுங்கி வைத்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

மூன்றாவது, கத்தாத கருவி. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

அவசர இடங்காட்டி

விமானத்தின் வால் பக்கம் ஒரு சிறு பெட்டி இருக்கும். மோதலின் அதிர்ச்சியில் தானாக இயங்கி ரேடியோ சமிக்ஞை அனுப்பும். அவசர இடங்காட்டி, விமானிகள் பேச்சில் ஈ.எல்.டி.

இது அமெரிக்காவில் சட்டமானதற்குப் பின்னால் ஒரு கொடிய சம்பவம் இருக்கிறது. 1967 மார்ச்சில் கலிபோர்னியாவின் டிரினிட்டி மலைகளில் ஒரு குடும்பத்தின் சிறு விமானம் விழுந்தது. தேடினார்கள், கிடைக்கவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் கழித்து வேட்டைக்காரர்கள் கண்டபோது உள்ளே ஒரு நாட்குறிப்பு இருந்தது. தாயும் பதின்ம வயது மகளும் ஏறக்குறைய இரண்டு மாதம் உயிரோடு இருந்து, நாள் நாளாக எழுதியிருந்தார்கள். அந்த நாட்குறிப்பைப் படித்த நாடு சும்மா இருக்க முடியவில்லை. 1970ல் சட்டம் வந்தது.

பழைய கருவிகள் 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வெறும் ஊளைச் சத்தம் அனுப்பும். எந்த விமானம், யாருடையது என்ற தகவல் இருக்காது. அந்தச் சத்தத்தைச் செயற்கைக்கோள்கள் கேட்கத் தொடங்கியது 1982ல். அமெரிக்கா, கனடா, பிரான்சு, சோவியத் யூனியன் நான்கும் சேர்ந்து உருவாக்கிய காஸ்பாஸ்-சார்சாட் அமைப்பு அது. பனிப்போர் உச்சத்தில் இருந்த அந்த ஆண்டு செப்டம்பரில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலையில் விழுந்த சிறு விமானத்தின் குரலைக் கேட்டது சோவியத் செயற்கைக்கோள். மூன்று பேர் பிழைத்தார்கள். இன்று இந்தியாவும் அந்த அமைப்பில் இருக்கிறது, பெங்களூரில் இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையம் உண்டு.

ஃபாசெட் விமானத்திலும் இடங்காட்டி இருந்தது, பழைய வகை. ஆனால் அதிலிருந்து யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. இடிபாட்டில் அது நொறுங்கிய நிலையில் கிடைத்தது. இந்தக் கருவிகள் பொதுவாகத் தோற்பது இப்படித்தான்: பெட்டி தப்பினாலும் ஆன்டெனா முறியும், இணைப்புக் கம்பி அறும், தீ பிடிக்கும், அல்லது மலையே மறைக்கும்.

புதிய வகை 406 மெகாஹெர்ட்ஸில் எண்முறைச் செய்தி அனுப்புகிறது. வேறுபாடு பெரியது:

1. செய்தியில் அடையாள எண் இருக்கும். உரிமையாளருக்கு ஒரு போன் போட்டாலே பொய் எச்சரிக்கையா, உண்மையா என்று தெரிந்துவிடும். பழைய அலைவரிசையில் வந்தவற்றில் மிகப் பெரும்பான்மை பொய் எச்சரிக்கைகள்.

2. பழையது காட்டும் இடம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம். புதியது சில கிலோமீட்டருக்குள் காட்டும். ஜி.பி.எஸ். இணைந்திருந்தால் நூறு மீட்டர் அளவுக்கு.

3. பழைய சமிக்ஞை பயன்பட வேண்டுமானால் செயற்கைக்கோள் விபத்து இடத்தையும் தரை நிலையத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். புதியதைச் செயற்கைக்கோள் நினைவில் வைத்திருந்து பிறகு இறக்கும்.

2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் 121.5ஐக் கேட்பதை நிறுத்திவிட்டன. அதன் பிறகு அந்தப் பெட்டி எவ்வளவு கத்தினாலும், அந்தப் பக்கமாகப் பறக்கும் வேறொரு விமானி அதே அலைவரிசையைத் திறந்து வைத்திருந்தால் மட்டுமே கேட்கும். ஆனாலும் அமெரிக்காவில் தனியார் சிறு விமானங்கள் 406க்கு மாற வேண்டும் என்ற கட்டாயம் வரவில்லை. செலவைக் காரணம் காட்டி உரிமையாளர் சங்கங்கள் எதிர்த்தன. 2019ல் பழைய வகையைத் தயாரிப்பதும் விற்பதும் மட்டும் தடை செய்யப்பட்டது. ஏற்கெனவே வாலில் பொருத்தப்பட்டிருப்பவை அப்படியே தொடரலாம்.